பூத்துக்கு வெளியே ஆறு பேர்

நம்பரைச் சுழற்றுகிற பழைய போன் ஒன்றை மருமகள் ஆஷிகா அழகுக்காக ஷோகேஸில் வைத்ததும் கமருன்னிஸாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"அந்த முஸீபத்த, பீடைய மொதல்ல எடு. அழகாம், அழகு."

மன்னார்குடி கடைத்தெருவில் எஸ்டிடி பூத் இருந்த காலத்தில் அவள் புருஷன் பக்கீர் முகம்மது சவூதியில் இருந்தார். வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார வேண்டும். லைன் கிடைத்தால் கத்த வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பக்கம் கேட்காது. பூத்தின் கண்ணாடிக் கதவோ சரியாக மூடாது. வெளியே ஆறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். மாமியாரோடு சண்டை, வயிற்றில் தங்காமல் போன பிள்ளை, எதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. "நல்லா இருக்கோம், உடம்பப் பாத்துக்குங்க" என்று கத்திவிட்டு வருவாள். பதினாறு வருஷம் குடும்பம் நடத்தியது அந்த ஒரு வரியில்தான். பூத்தை இடித்த அன்று, ஒழிந்தது என்றுதான் நினைத்தாள்.

இன்று காலை தலை சுற்றிக் கொல்லையில் விழுந்திருந்தாள். சாயங்காலம் ஷார்ஜாவிலிருந்து மகன் முபாரக் வீடியோவில் வந்தான். அவனிடம் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்கோம், உடம்பப் பாத்துக்க."

"ஏம்மா இப்படிக் கத்துறீங்க? பக்கத்துல யாரு இருக்கா?"

கமருன்னிஸா திரும்பிப் பார்த்தாள். ஆஷிகா கடைக்குப் போயிருந்தாள், சவூதியை விட்டு ஊரோடு வந்துவிட்ட புருஷன் பள்ளிவாசலுக்கு. வீட்டில் ஒரு ஆள் இல்லை.