"சரிவந்துவிட்டது, நன்றி"

இப்படி எழுதிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பத்திக்கொண்டு வரும். என்ன சரிவந்தது? எப்படி? அதைச் சொன்னால் கை தேய்ந்துவிடுமா?

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தில் கம்பியூட்டர் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். நாங்கள் சிலர் சுற்றுக் கடிதம் ஒன்று நடத்தினோம். ஓர் உறை நிறையத் தாள்கள். கையில் கிடைத்தவர் வாசித்து, தெரிந்த பதிலை எழுதி, தன் கேள்வியையும் சேர்த்து அடுத்தவருக்குத் தபாலில் போடுவார். சிக்கல் தீர்ந்தவர் எப்படித் தீர்ந்தது என்று எழுதவேண்டும். அதுதான் ஒப்புக்கொண்ட முறை.

நான் வேலைசெய்த ரியூட்டரியின், அதாவது தனியார் கல்வி நிலையத்தின், கம்பியூட்டரில்தான் ஊரில் இரத்தம் கொடுப்பவர்களின் விபரங்கள் இருந்தன. பழைய புரோகிராமை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். அதற்குப் பிறகு ஒருவரின் பெயருக்கு நேரேயும் பொசிட்டிவ், நெகட்டிவ் குறி திரையில் வரவில்லை. ஓ பொசிட்டிவ்காரரும் ஓ நெகட்டிவ்காரரும் வெறும் 'ஓ' ஆகிவிட்டார்கள்.

சுற்றுக் கடிதத்தைப் புரட்டினால், வட்டுக்கோட்டைக்காரர் ஒருவர் புதிய புரோகிராமில் குறிகள் வரவில்லை என்று இதே கேள்வியை முன்பே கேட்டிருக்கிறார். அதன் கீழே அவரே எழுதியிருந்தார்: "சரிவந்துவிட்டது, நன்றி." எப்படி என்று கேட்டு எழுதினேன். உறை ஒரு சுற்றுப் போய்வந்தது. அவரிடமிருந்து ஒரு சொல் இல்லை. வேறொரு பெரிய மனிதர் மட்டும், "முதலில் கையேட்டை வாசியும்" என்று புத்தி சொல்லியிருந்தார். கிழியும்வரை வாசித்தாயிற்று, ஐயா!

அந்த நேரம் பார்த்து என் அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்த்தோம். இரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் கொண்டுவந்தால்தான் ஒப்பரேசன் என்றார்கள். 'ஓ' என்றிருந்தவர்களின் வீடு வீடாக ஓடினேன். போன இடமெல்லாம் பொசிட்டிவ். பிறகு சைக்கிளை வட்டுக்கோட்டைக்கு மிதித்தேன்.

அவர் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கம்பியூட்டர் தொடங்கும்போது வாசிக்கும் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதுமாம். சொல்லி முடிக்க அவருக்கு அரை மிடறு தேத்தண்ணி நேரம்கூடப் பிடிக்கவில்லை.

"உது சின்ன விசயம்தானே தம்பி. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமெண்டு நினைச்சன்."

"தெரிஞ்சால் நான் ஏன் அண்ணை கேட்டு எழுதுறன்?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

திரும்பிவந்து அந்த வரியைச் சேர்த்ததும் குறிகள் எல்லாம் வந்தன. ஓ நெகட்டிவ் இரண்டு பேர். ஒருவர் தொண்டைமானாற்று ஊர்க்காரர், மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்விட்டார். மற்றவர் புகையிலைத் தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு என் சைக்கிளில் ஏறினார்.

அக்கா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. கொஞ்சம் முந்தியிருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சுற்றுக் கடிதத்தில் அந்த ஒரு வரியையும், அதை எங்கே சேர்ப்பது என்பதையும், பிள்ளையைப் பற்றியும் ஒளிக்காமல் எழுதி அனுப்பினேன். உறை வட்டுக்கோட்டைக்கும் போய்ச் சுற்றி என்னிடம் வந்தது. என் தாளின் கீழே அவருடைய அழகான கையெழுத்து.

"சரியான விளக்கம். இது எனக்கு முன்பே தெரியும்."