பாலாற்றில் நாங்கள் போட்ட ஷாஃப்ட்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போகலாம் என்று சொன்னவன் நான்தான். கெட்ட யோசனை எதுவானாலும் எங்கள் லைன் வீடுகளில் அது என் வாயிலிருந்துதான் கிளம்பும். அப்போது நான் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் கல் உடைத்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயது, அதற்குத் தக்க தொந்தி. பூமிக்குள் இறக்கும் கேஜுக்குக் காத்து நிற்கும் ஆட்களைச் சிரிக்கவைப்பது என் முதல் வேலை. கல் உடைப்பது ஒழிந்த நேரத்தில்.

ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர் கிளம்பினோம். கூட என் மனைவி, அவளுடைய தம்பியான என் மச்சான். அவனுக்கு அந்த வருஷம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. முழுகாமல் இருந்த பெண்டாட்டியை வீட்டில் விட்டுவிட்டு வந்தான். "அவரைப் பத்திரமா கூட்டினு வாங்கண்ணா" என்று அவள் சொன்னாள். போயும் போயும் என்னிடம் சொன்னாள்.

பேத்தமங்கலம் பக்கம் பாலாறு இரண்டு மணி நேர நடை. ஏற்றம் இறக்கம் இல்லாத வழி. சுரங்கத்து ஆலையில் கல் இடிக்கும் சத்தம் முதுகுக்குப் பின்னால் தேய்ந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றே போனது. இரவு பகல் ஓயாத சத்தம் அது. அது இல்லாமல் எங்களுக்குப் பேச வரவில்லை.

சித்திரை மாதம். ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மணலில் ஒரு குருவிகூட இறங்கியிருக்கவில்லை. புளிச்சோற்றைத் தின்றதும் எல்லாருக்கும் தாகம். என் மனைவி இதே ஆற்றங்கரையில், கிழக்கே பிறந்து வளர்ந்தவள். கையாலேயே அகலமாக மணலை ஒதுக்கினாள்.

"முழங்கால் ஆழம் போதும். கொஞ்சம் குந்தியிருந்தா தானா ஊறும்."

"இத்தினி பேர் சொரங்கத்து ஆளுங்க இருக்கோம், நீ கோழி மாதிரி சீய்க்கிற" என்றேன். "தள்ளு. நாங்க ஒரு ஷாஃப்ட் போடறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அது போதாதா எனக்கு? பக்கத்து வெள்ளரித் தோட்டத்தில் மண்வெட்டியும் கூடையும் கேட்டு வாங்கிவந்தோம். அவள் தன் குழியை முடித்துக்கொண்டிருக்க, கொஞ்சம் தள்ளி மச்சான் வெட்ட இறங்கினான். சுரங்கத்தில் ஆள் இறங்குகிற குழி மாதிரியே குறுகலாக, நேராக வெட்டினான். ஈர மணல் சுவர் போல நின்றது. அள்ளியதையெல்லாம் விளிம்பிலேயே குவித்தோம். இடுப்பளவு, மாரளவு, கடைசியில் அவன் தலைப்பாகை மட்டும் தெரிந்தது.

"தம்பி, மேல வா. மணல் நிக்காது" என்றாள் என் மனைவி.

"சரியிற மாதிரி இருந்தா சத்தம் கேக்கும்க்கா. ஓடியாந்துடுவேன்."

அவன் சொன்னது தப்பில்லை. பூமிக்குள்ளே பாறை விழுவதற்கு முன் நெறிபடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தால்தான் நாங்கள் உயிரோடு இருந்தோம். குழியைச் சுற்றி நின்ற எல்லாருமே, தெரியாமலேயே, காதைத் தீட்டிக்கொண்டுதான் நின்றோம். நான் மட்டும் சொம்பை எடுத்து மூன்று தட்டுத் தட்டினேன். கேஜில் ஆள் மேலே வருகிறான் என்பதற்கான மணி அது. மச்சான் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

ஒரு பக்கச் சுவர் போய்விட்டது. சத்தமே இல்லை. கண்ணெதிரே மணல் அவன் கழுத்துவரை ஏறி நின்றது. நாங்கள் இன்னும் சத்தத்துக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தோம்.

பிறகு எல்லாரும் பாய்ந்தோம். எங்கள் ஒவ்வொரு அடிக்கும் மணல் இறங்கி அவன் தாடையைத் தொட்டது.

"யாரும் கிட்ட வராதீங்க" என்றாள் என் மனைவி. குரலை உயர்த்தவில்லை. பெண்களைத் தூரத்தில் வட்டமாக உட்காரவைத்து, தட்டாலும் மூடியாலும் வெளியிலிருந்து சரிவாக அள்ளவைத்தாள். ஆண்களும் அப்படியே செய்தார்கள். என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, அவன் முகத்துக்கு மணல் வராதபடி கூடையை அணையாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். "கண்ணை மூட உடாதீங்க. ஏதாச்சும் பேசுங்க."

வாயைத் திறந்தேன். அவன் உதடு அசைந்தது.

"மாமா, சிரிக்க வெக்காதீங்க. மூச்சு உட்டா மணல் இறுக்குது. திருப்பி இழுக்க முடியல."

விட்ட மூச்சுக்கு நெஞ்சு அடங்கிய இடத்தை மணல் பிடித்துக்கொண்டது. ஒரு சிரிப்புக்கு அவனிடம் இடம் இல்லை. நான் பேசாமல் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததில்லை. கூடையின் மறுபக்கம் மணல் உரசுவது கையில் தெரிந்தது, காதில் விழவில்லை.

வெயில் சாயும் நேரத்தில் அவன் இடுப்பு வெளியே வந்தது. வேட்டியை முறுக்கி அக்குளில் கட்டி மெதுவாக இழுத்தோம். கரையில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டான். மனைவி தோண்டிய முழங்கால் குழியில் தெளிந்த தண்ணீர் ஊறியிருந்தது. யாரும் குடிக்கவில்லை.

வாசலில் அவன் பெண்டாட்டி, "பத்திரமா கூட்டினு வந்தீங்களாண்ணா?" என்றாள். "வந்துட்டாம்மா" என்றேன்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கேஜ் முன்னால் வழக்கம்போல நின்றோம். "இன்னாண்ணா, ஆத்துல தங்கம் கெடச்சுதா?" என்று யாரோ ஒருவன் எனக்கு அடியெடுத்துக் கொடுத்தான். நல்ல பதில் ஒன்று நாக்குவரை வந்தது. மச்சான் என் கையைப் பிடித்தான்.

"வாணாம் மாமா."

மணி அடித்தது. கேஜ் இறங்க ஆரம்பித்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவன் இன்னும் மணலுக்குள் நிற்பவன்போல, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, விடாமல் வைத்திருந்தான்.