ஒரு ரூபாய்க் குத்தியளவு இடம்

சண்டை முடிந்து சோதனைச் சாவடிகளை எடுத்த பிறகுதான் என் வேனில் ஒரு நோய் இருப்பதே எனக்குத் தெரியவந்தது. அதுவரை கல்முனையில் பாட்டுச் செட்டைப் போட்டால் காரைதீவில் நிற்பாட்ட வேண்டும். மறுபடி போட்டால் நிந்தவூரில் நிற்பாட்ட வேண்டும். பாட்டை ரசிக்கவே நேரம் போதாது, அதில் குற்றம் கண்டுபிடிக்க எங்கே நேரம்? பாதை திறந்ததும் அட்டாளைச்சேனை வரை ஒரே ஓட்டம். பாட்டுக்குப் பின்னால் ஒரு சிணுங்கல் கேட்டது. எக்ஸலேட்டரை மிதித்தால் ஏறியது, காலை எடுத்தால் இறங்கியது. சத்தத்தை முழுதாகக் குறைத்தாலும் சிணுங்கல் மட்டும் குறையவில்லை.

காலையில் நான் ஏற்றிப்போவது ஆசிரியைகளை. அவர்களில் ஒருவர் பாண்டிருப்பிலிருந்து வரும் சங்கீத ரீச்சர். மற்றவர்களுக்கு அது தலையிடி என்றால், அவருக்கு மானப் பிரச்சினை. நான் லொறியை முந்தும்போதெல்லாம் சுருதி விலகுகிறது என்று முறைப்பட்டார். சரியென்று செட்டை நிற்பாட்டினால், காலைச் செய்தி எங்கே என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் எல்லாரும் ஒன்றுசேர்ந்து, வெள்ளிக்கிழமைக்குள் சரிப்படுத்தாவிட்டால் வேறு வேன் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஓட்டத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

நானும் சும்மா இருக்கவில்லை. ஸ்பீக்கரை மாற்றினேன். சிக்னல் வயரைக் கரண்ட் வயரிலிருந்து பிரித்து மற்றப் பக்கத்தால் இழுத்தேன். யாரோ சொன்னாரென்று ஃபில்டர் ஒன்றும் வாங்கிப் பூட்டினேன். எதற்கும் அது மசியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டேன். செட் பூட்டுவது அவன் தொழில். அவன் செட்டின் சத்தத்தைக் கூட்டும் அம்ப்பின் எர்த் வயரைக் கழற்றி, நீள வயர் ஒன்றால் நேரே பெற்றரியில் தொட்டுப் பிடித்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே சிணுங்கல் நின்றது. எர்த் வயர் இரும்பைத் தொடவேண்டும், இங்கே அது பெயின்டின் மேல் குந்திக்கொண்டிருக்கிறது என்றான்.

அந்தப் பெயின்டை அடித்தவன் நான். சுனாமியன்று முந்திய வேனைக் கடல் கொண்டுபோய் வயலுக்குள் போட்டது. தேடி எடுத்தபோது கதவு உப்பில் அரித்துக் கையோடு வந்தது. அதே காலையில் என் மனைவியின் உம்மாவையும் கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கடல் என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. மீன் வாங்கினால்கூட எங்கே பிடித்தது என்று கேட்கமாட்டோம். இந்த வேன் வந்ததும் சீற்றெல்லாம் கழற்றி, ஆணித் துவாரம்கூட விடாமல், துருப்பிடிக்காத பெயின்டை மூன்று தடவை பூசினேன்.

ஒரு ரூபாய்க் குத்தியளவு இடம் சுரண்டினால் போதும் என்று நாணயம் ஒன்றை எடுத்துக் காட்டினான் மச்சான். நான் சம்மதிக்கவில்லை. நீள வயரை அப்படியே விட்டுவிடு என்றேன். ரீச்சர்மார் கால் தடக்கி விழுவார்கள் என்றான். அந்த இடத்தால் துரு நுழைந்துவிடும் என்று சொல்லி, குர்பானுக்கு அறுக்கப்போகும் மாட்டைக் கட்டிப்பிடிக்கும் பிள்ளையைப்போல வேன் கதவை மறித்து நின்றேன். சிரிப்பான நிலைதான், ஆனால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"கடல் திரும்பி வாறதெண்டா, இந்த ஒரு ரூபாக் குத்தியளவு இடத்தத் தேடிப் பார்த்தா வரப்போகுது?" என்றாள்.

முதலில் அவள் தம்பிதான் சிரித்தான். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனாலும் அவளும் சிரித்தாள். உம்மாவைப் பறிகொடுத்தவளே பகிடி விடும்போது நான் எதைக் காவல் காப்பது? ஸ்குரூட்றைவரை வாங்கி நானே சுரண்டினேன். இரும்பு பளிச்சென்று தெரிந்தது. மச்சான் வயரை வைத்து இறுக்கி, என் மனச்சமாதானத்துக்காக மேலே கொஞ்சம் கிறீசும் பூசினான்.

திங்கட்கிழமை சங்கீத ரீச்சர் காரைதீவு வரை காதைக் கூர்மையாக்கிக்கொண்டு வந்து, செட் சரி, பாடுகிறவருக்குத்தான் சுருதி சேரவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். யாரும் வேறு வேன் பார்க்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். சோற்றுக்குப் பாரை மீன் ஆணம். ஒரு பிடி சாப்பிட்டுவிட்டு, எங்கே பிடித்த மீன் என்று கேட்டேன்.

அவள் கரண்டியைச் சட்டிக்குள் விட்டபடி என்னைப் பார்த்தாள்.

"ஒலுவில் கடல்ல" என்று சொல்லிவிட்டு, இன்னொரு துண்டு வைத்தாள்.