ஈங்கூரிலிருந்து மேட்டுப்பாளையம்: மச்சானைக் கூட்டிவந்த நாலு நாள்

பத்திரிகைகளில் காசிக்கும் கயாவுக்கும் போய்வந்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எந்தச் சத்திரத்தில் சோறு நன்றாயிருக்கும், எங்கே வண்டி மாற வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார்கள். நான் போனது மேட்டுப்பாளையம். எண்பது மைல்கூட இருக்காது. ஆனால் நான் போன வேலைக்கு எந்த வண்டி, எந்தச் சத்திரம், எந்தக் குமாஸ்தா என்று யாருமே எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் குடும்பத்திலும் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது இருந்தால், என்னைப் போல் நாலு நாள் வயிற்றெரிச்சல் படாமல் இருக்கலாம்.

விஷயம் இதுதான். என் மனைவி பாவாயிக்கு ஒரே அண்ணன், நாச்சிமுத்து. தாய் தகப்பன் போன பிறகு அவளுக்கு அவன், அவனுக்கு அவள். அவன் கல்யாணம் செய்துகொள்ளாமல் பட்டாளத்தில் சேர்ந்து மலைமேல் பட்டாளம் தங்கும் தண்டில் இருந்தான். எங்கள் மகள் தெய்வானைக்கு ஒரு வயது முடிந்தபோது காதுகுத்துக்கு நாள் வைத்தோம். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். 'வாரேன்' என்று ஒரே வரியில் கார்டு போட்டான். வரவில்லை. அவனுக்குப் பதில் பத்து நாள் கழித்துப் போலீஸ்காரர் வந்தார். நாச்சிமுத்து சொல்லாமல் கொள்ளாமல் தண்டைவிட்டு ஓடிப்போய்விட்டானாம். எங்கள் தானியக் குதிருக்குள் எல்லாம் குனிந்து தேடினார்.

அன்றிலிருந்து ஆறு வருஷம். மச்சான் பெயர் ஊரில் 'ஓடிப்போனவன்'. மகளுக்கு ஏழு வயதாகியும் காது குத்தாமல் மூளியாகவே இருந்தது. பாவாயியின் பங்காளி அண்ணன் யாரையாவது உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்று நான் சொன்னேன், ஊர் சொன்னது. பாவாயி அசையவில்லை. யார் கேட்டாலும் ஒரே பதில்: "எங்கண்ணன் வாரேன்னு எழுதியிருக்குதுங்க." எனக்கு அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சென்ற ஐப்பசியில், பருத்திக் காட்டில் களையெடுப்பு பாதியில் நிற்கும்போது, மணியக்காரர் ஒரு சர்க்கார் கடிதத்தைக் கொண்டுவந்து படித்தார். மலைச்சரிவில் மண் சரிந்த இடத்தில் விறகு வெட்டிகள் ஓர் ஆளின் எலும்புகளைக் கண்டிருக்கிறார்கள். பட்டாளத்துப் பொத்தான்கள் கிடந்தன. ஆறு வருஷத்துக்கு முந்திய மழைக்காலத்தில் தண்டிலிருந்து காணாமல் போனவர்கள் இருவர். இது யார் என்று உறவினர் வந்து அடையாளம் சொல்ல வேண்டும். கூடக் கிடைத்த சாமான்: தகர டப்பி ஒன்று, அதனுள் பெண்ணின் வெள்ளிக் கழுத்துச் சங்கிலி ஒன்று.

மணியக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பொண்ணு ஒன்றோடு போயிருக்கிறான் என்று அவர் வாயால் சொல்லவில்லை. மற்ற எல்லாரும் சொன்னார்கள். பாவாயி மட்டும் உள்ளே போய், மஞ்சள் பெட்டிக்குள் கைவிட்டு, இரண்டு முடிச்சுப் போட்ட ஒரு நூலை எடுத்து வந்தாள்.

"ஏனுங்க, அந்தச் சங்கிலிய இதுல அளந்து பாருங்க."

எலும்பைப் பார்க்கப் போகிறவனுக்கு நூல் எதற்கு என்று எரிந்து விழுந்தேன். அவள் அதை என் சட்டைப் பையில் வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி கட்டினேன். எங்கள் ஊரிலிருந்து ஈங்கூர் ஸ்டேஷன் ஆறு மைல். சென்னிமலையைத் தாண்டினால் பாதை நல்ல பாதை. ரயில் ஏழே காலுக்கு என்றார்கள், எட்டரைக்கு வந்தது. போத்தனூருக்கு மூன்றாம் வகுப்பு பதினைந்தணா. அங்கே இறங்கி மேட்டுப்பாளையம் வண்டிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அங்கே விற்கிற இட்லியை வாங்காதீர்கள், ஊரிலிருந்தே கட்டுச்சோறு கொண்டுபோங்கள். அடுத்த இருபத்தாறு மைலுக்கு எட்டணா. மூன்று மணிக்குப் போய் இறங்கினேன்.

கடிதத்தில் போட்டிருந்த சர்க்கார் கச்சேரி எது என்று பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே இருந்த குமாஸ்தா கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க விவகாரம் இல்லைங்க, பட்டாளத்து விவகாரம்" என்றார். பட்டாளத்து ஆபீசுக்கு ஒரு மைல் நடந்தேன். அங்கிருந்த வடக்கத்திக் குமாஸ்தா, சாமான் பட்டியல் எழுதியதோடு தன் வேலை முடிந்தது, எலும்பு கச்சேரிக் கணக்கில்தான் இருக்கிறது என்றார். திரும்பி ஒரு மைல். அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆறு வருஷம் தேடின சர்க்காருக்கு, கிடைத்த பிறகு வைத்துக்கொள்ள இடம் தெரியவில்லை. சத்திரத்தில் ஓரணா கொடுத்துப் பாய் வாங்கிப் படுத்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போனால் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உடுமலைப்பேட்டைக்காரர், தேங்காய் வியாபாரம். தேங்காய் விற்று முடித்த வெறுஞ்சாக்கை மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார். காணாமல் போன இருவரில் இன்னொருவர் அவர் மகனாம். நான் எதிரியைப் பார்ப்பது மாதிரி பார்த்தேன், அவர் வெற்றிலையை நீட்டினார்.

"உங்களுக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டார். "உங்க ஆளா இருக்கோணுமா, இருக்கக் கூடாதா?"

இருக்க வேண்டும் என்றால் செத்துப்போயிருக்க வேண்டும். இருக்கக் கூடாது என்றால் ஓடிப்போயிருக்க வேண்டும். "ஏதோ ஒண்ணு தெரிஞ்சாப் போதுமுங்க" என்றேன்.

"நான் எம்பையனா இருக்கக் கூடாதுன்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டு வந்தனுங்க" என்றார் அவர். "போத்தனூர் வாறதுக்குள்ள மனசு மாறிப்போச்சு. எத்தனை நாளைக்குத்தான் வாசலையே பாத்துக்கிட்டு இருக்கறது?"

புதன்கிழமை முழுக்க அந்தப் பெஞ்சில் போயிற்று. எலும்பு பின்னால் கொட்டகையில், மண்ணெண்ணெய்ப் பெட்டியில் இருந்தது. அதைக் காட்டினார்கள். யாரும் யாருடைய எலும்பையும் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். என் மச்சான் ஐந்தடி ஒன்பது அங்குலம், சிரித்தால் கடைவாய்வரை தெரியும். அந்தப் பெட்டியில் இருந்தது யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். பெரியவரும் குனிந்து பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சங்கிலியைக் காட்டுங்கள் என்றால், அது அரக்கு முத்திரை வைத்த பொட்டலத்தில் இருக்கிறது, கச்சேரிக்கு அதிகாரியான ஐயா வந்துதான் உடைக்க வேண்டும், அவர் வெளியூர் முகாமில் இருக்கிறார் என்றார்கள்.

ஐயா வியாழக்கிழமை பதினொன்றரைக்கு வந்தார். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடப் போனார். மூன்று மணிக்குத் திரும்பி வந்து முத்திரையை உடைத்தார். வடக்கத்திக் குமாஸ்தாவும் பட்டியலோடு பக்கத்தில் நின்றார். கறுத்துப்போன வெள்ளிச் சங்கிலி, மேஜைமேல் ஒரு முழ நீளம் கிடந்தது. நான் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தேன். அதை எடுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. காதுகுத்துக்கு மாமன் போடுகிற அரைஞாண்கொடிக்காகப் பிள்ளையின் இடுப்பை அளந்து, ஒரே நீளத்தில் இரண்டு நூலில் முடிச்சுப் போட்டு, ஒன்றைக் கடிதத்தில் வைத்து அண்ணனுக்கு அனுப்பியவள் பாவாயி. தட்டான் அளவு மாற்றிவிட்டால் கேட்பதற்கென்று மற்றதை அவளே வைத்துக்கொண்டாள். பெண்ணின் கழுத்துச் சங்கிலி என்று கேட்டவுடனே அவளுக்கு விளங்கியது, மூன்று நாள் பையில் சுமந்த எனக்கு விளங்கவில்லை.

"இது கழுத்துக்கு இல்லைங்க, கொழந்தை இடுப்புக்கு" என்று சொல்லி நூலைப் பக்கத்தில் வைத்தேன்.

சேரவில்லை. சங்கிலி நாலு விரல் கூடுதலாக இருந்தது.

வடக்கத்திக் குமாஸ்தா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பட்டியலை மடித்தார். ஐயா பேனாவை எடுத்துவிட்டார். அப்போது பெரியவர் எழுந்து வந்து, யாரிடமும் கேட்காமல், சங்கிலியின் ஒரு முனையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க சாமி, வளர்ற புள்ளைக்கு எவனாச்சும் இறுக்கமாச் செய்வானுங்களா? நாலு வெரக்கடை சேத்தித்தான் செய்வாங்க. இப்பைக்கு மாட்டறதுக்கு உள்ள ஒரு வளையம் இருக்கும், பாருங்க."

இருந்தது. கறுப்பேறியதில் கண்ணுக்குத் தெரியாமல், முனையிலிருந்து நாலு விரல் உள்ளே ஒரு சின்ன வளையம். பாவாயியின் இரண்டாம் முடிச்சு அதன்மேல் சரியாகப் போய் உட்கார்ந்தது. ஐயா எழுந்து நின்று இரண்டு தரம் அளந்தார். என் மச்சான் ஓடிப்போகவில்லை. மருமகள் அரைஞாணை டப்பியில் வைத்துக்கொண்டு, மழையில், குறுக்குப் பாதையில் மலையிறங்கி வந்திருக்கிறான். காதுகுத்துக்கு நேரமாகிவிடும் என்று நினைத்திருப்பான். லீவு கேட்டுக் கிடைக்கவில்லையா, கேட்காமலே வந்தானா, அது இனித் தெரியாது. நான் அந்த மேஜையருகே நின்று அழுதேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பெரியவர் நூலைச் சுற்றி என் கையில் வைத்தார். "நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க. எனக்கு இன்னும் வாசல்தானுங்க" என்றார்.

இதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக முடிந்தது என்று நினைப்பீர்கள். எலும்பை ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்டார்கள். சங்கிலியைக் கொடுக்க முடியாதாம், அது சாட்சியாம். ஒரு மனுஷனை விட முக்கால் பலம் வெள்ளிக்கு அங்கே மரியாதை அதிகம். கத்திப் பார்த்தேன், பயனில்லை. மண்ணெண்ணெய்ப் பெட்டி சர்க்கார் சொத்து, அதைத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். பெரியவர் தன் தேங்காய்ச் சாக்கை உதறி விரித்தார். என் புது வேட்டியில் சுற்றி அதற்குள் வைத்தோம். ஜட்கா வண்டிக்காரன் ஸ்டேஷனுக்கு இரண்டணா என்றவன், சாக்கில் என்ன என்று தெரிந்ததும் நாலணா என்றான். கொடுத்துத் தொலைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணி வண்டி. ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா சாக்கைத் தட்டி, என்ன சரக்கு என்றார். நான் ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த பொய் நாலைந்து இருந்தது. வாயைத் திறப்பதற்குள் பெரியவர், "சரக்கு இல்லைங்க. எங்க ஊட்டுப் பையன், ஊருக்கு வாரான்" என்றார். அந்தக் குமாஸ்தா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "கையோட வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு நாளில் காகிதம் கேட்காத ஒரே ஆள் அவர்தான். போத்தனூரில் பெரியவர் பொள்ளாச்சி வண்டிக்கு மாறினார். வெறுங்கையோடு இறங்கிப் போனதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வருகிற நாளை மட்டும் தந்தியில் சொல்லியிருந்தேன்; ஈங்கூரில் மத்தியானம் வண்டியோடு பாவாயியே வந்து நின்றாள். நூலை எடுத்து நீட்டினேன். வெளியூரில் செத்தவரை ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் ஊரைச் சுற்றி எங்கள் காட்டுக்கே ஓட்டினோம். கல்யாணமாகாதவரைப் புதைப்பதுதான் வழக்கம்; கிணற்றுமேட்டுக்குக் கிழக்கே வேலியோரம் புதைத்தோம். ஓடிப்போனவன் என்றவர்களும் பெண்ணோடு போனான் என்றவர்களும் மண் தள்ள வந்தார்கள். பாவாயி யாரையும் தடுக்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம். செவ்வாய்க்கிழமை புறப்படாதீர்கள், திங்களே போனால் ஐயா முகாமுக்குக் கிளம்புவதற்கு முன் பிடிக்கலாம். இரண்டு ஆபீசில் எதற்கு முதலில் போனாலும் மற்றதற்கு அனுப்புவார்கள், அதனால் சத்திரத்துக்குக் கிட்டே இருப்பதற்கு முதலில் போங்கள். சாக்கும் வேட்டியும் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். எலும்பில் ஒன்றும் தெரியாது. அவர் கையில் என்ன வைத்திருந்தார், யாருக்காக வைத்திருந்தார் என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் எதையாவது பையில் வைத்தால் எரிந்து விழாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை மாதம் கழித்து ரிஜிஸ்தர் தபால் வந்தது. ஓடிப்போனவர் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டதாக ஒரு காகிதம். அதை மணியக்காரரைச் சாவடியில் நின்று இரண்டு தரம் படிக்கச் சொன்னாள் பாவாயி. கூடவே அரைஞாண்கொடி. சீட்டில் அப்போதும் 'பெண்ணின் கழுத்துச் சங்கிலி ஒன்று' என்றுதான் எழுதியிருந்தது. ஆத்திரத்தில் சீட்டைக் கிழிக்கப் போனேன், அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

தை மாதம் கொடுமுடியில் காவிரியில் முழுகிவிட்டு, கோயில் வாசலில் தெய்வானைக்குக் காதுகுத்து வைத்தோம். பங்காளிகள் இரண்டு பேர் மடி கொடுக்கத் தயாராக வேட்டியை மடித்துக்கொண்டு நின்றார்கள். செத்தவன் கையிலிருந்த சாமான் பிள்ளைமேல் படலாமா என்று ஒரு பேச்சும் எழுந்தது. பாவாயி பலகையில் தானே உட்கார்ந்தாள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்றிருந்த அந்தக் கொடியைத் தன் மடியில் வட்டமாக வைத்து, அதன்மேல் மகளை உட்கார்த்தினாள்.

ஊசியோடு குனிந்த ஆசாரி, "தாய்மாமன் வந்தாச்சுங்களா, அம்மணி?" என்று கேட்டார்.

"வந்துட்டாருங்க" என்றாள் பாவாயி. "குத்துங்க."