இறங்கும்போது நீளம் வேண்டும்

மலை ஏறுவதில் எனக்குப் பயமில்லை. இறங்குவதில்தான்.

போன புரட்டாசிச் சனிக்கிழமை பாலமலையில் பெருமாளைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, ஒரு பாறைச் சரிவில் வலது முழங்கால் என்னைக் கேட்காமலே மடிந்துகொண்டது. விழவில்லை. உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நொடி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. மாடிப்படியில் நிற்கிறது. பஸ்ஸின் கடைசிப் படியில் நிற்கிறது. ஏதாவது ஒரு குன்றில் கால் வைக்காவிட்டால் வாரம் முழுக்க எதிலும் நிலைகொள்ளாத நான், சொந்த வீட்டுப் படியில் கைப்பிடியை இறுகப் பற்றியபடி அடுத்த காலை எடுத்து வைக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

நடப்பதை நிறுத்த வேண்டாம், இறங்கும்போது மட்டும் பாரத்தைக் கைக்கு மாற்றுங்கள் என்றார் எலும்பு டாக்டர். ஒரு ஜோடி ட்ரெக்கிங் ஸ்டிக் வாங்க கிராஸ்கட் ரோட்டில் ஒரு மாடிக்கடைக்குப் போனோம், நானும் என் கணவரும். அவர் பெரியநாயக்கன்பாளையத்தில் சின்னதாய் லேத்துப் பட்டறை வைத்திருப்பவர்.

"நேரா நில்லுங்கக்கா. ஊனுனா முழங்கை இங்கிலீஷ் 'எல்' எழுத்து மாதிரி மடியோணும்," என்றார் கடைக்காரத் தம்பி. "எறங்கறப்ப இன்னும் கொஞ்சம் நீட்டிக்கோணும். இது திருகி டைட் பண்றது, இது கிளிப்புங்க."

எனக்குக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் முழுசாய்ச் சாயும் அந்த நேரத்தில் இதன் குழாய் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடுமா? கடையிலேயே முழு உடம்பையும் போட்டு அழுத்திப் பார்க்க ஆசை. கூச்சம் விடவில்லை.

அதற்குள் என் கணவர் ஒரு ஸ்டிக்கைக் கண்ணாடி மேசையில் துண்டு துண்டாகக் கழற்றிவிட்டிருந்தார்.

"ரெண்டு அலுமினியப் பைப்பு, நடுவுல ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷு. இத நம்பியா மலை எறங்கறது? அம்மணி, நம்ம லேத்துல ஒரே மத்தியானத்துல பண்ணிப்போடலாம்."

எங்கள் பக்கத்து ஆண்களுக்குக் கடையில் ஒரு பொருளைப் பார்த்தால் அது எப்படிச் செய்தது என்றுதான் முதலில் தெரியும். அப்புறம் அதை எதற்கு வாங்குவது? எங்கள் வீட்டு ஊஞ்சல், துணி காயப்போடும் ஸ்டாண்டு, எல்லாம் அப்படித்தான் வந்தவை. கடைக்காரத் தம்பியைக் கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கினோம்.

பட்டறையில் ஸ்டிக்குகள் தயாராயின. துருப்பிடிக்காத எஸ்.எஸ். பைப்பு. கை வழுக்காமல் சொரசொரப்பாகக் கடைந்த பிடி, ஊசியாய்ச் சீவிய முனை. பட்டறையில் என்னை நிற்கவைத்து, முழங்கையை அளந்து, அந்த அளவுக்கே வெட்டியிருந்தார். தூக்கினேன். தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது போலிருந்தது.

"அக்கா, இதுல போர்வெல்லே போட்டுடலாமுங்க," என்றார் லேத்து ஓட்டுகிற அண்ணன்.

என் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பிடி இருக்குது அம்மணி?"

"நல்லா இருக்குதுங்க."

மரியாதைக்குப் பேர்போன இந்த ஊரில் பிறந்தவளுக்கு வேறு என்ன வாய்க்கு வரும்?

இந்தப் புரட்டாசியில் மறுபடி பாலமலை. ஏறும்போது கல்லில் டிங், டிங். பக்கத்தில் வந்த ஓர் அம்மா சிரித்தார்: "ஏனுங்க, வேல் நேந்துட்டீங்களா? இது பெருமா கோயிலுங்க." நானும் சிரித்தேன். சிரிப்புக்கு அடியில் அந்தப் பாறையை மட்டும் நினைத்துக்கொண்டே நடந்தேன். துளசி வாங்கினேன், கும்பிட்டேன், என்ன கேட்டேன் என்று ஞாபகமில்லை. பாறை, பாறை, பாறை.

திரும்பும்போது பாறை அங்கேயே இருந்தது. ஸ்டிக்கைக் கீழே ஊன்றினேன். எட்டவில்லை. எட்டவைக்கக் குனிந்தால் பாரம் முழுக்க முன்னால் போய் அதே முழங்காலில் விழுகிறது. ஊசி முனை பாறையில் கிறீச்சென்று வழுக்கியது. அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன அம்மணி?" என்றார் கணவர், கீழே இருந்து.

"நீளம் பத்தலீங்க."

"மொதல்லயே சொல்றதில்ல?"

"அந்தத் தம்பி சொன்னாருங்க. நீங்க அப்பக் கழட்டீட்டு இருந்தீங்க."

அவர் மேலே ஏறி வந்து இரண்டையும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். நான் பாறையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போலச் சறுக்கியே இறங்கினேன். வேலா என்று கேட்ட அம்மா பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அதே மாடிக்கடை. இந்த முறை கூச்சப்படவில்லை. திருகும் ஸ்டிக்கை நீட்டி முழு உடம்பையும் அதன்மேல் போட்டேன். விரலளவு உள்ளே போனது. தம்பி முகம் சுருங்கியது. "நல்லா டைட் பண்ணலீங்களாட்ட," என்றார். இருக்கலாம். மலையில் வியர்த்த கையோடு நான் அதைவிட நன்றாகத் திருகப்போவதில்லை. கிளிப் வைத்ததில் சாய்ந்தேன். நின்றது. மறுபடி சாய்ந்தேன். நின்றது. என் கணவர் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டிருந்தார். உள்ளே விரல்கள் எதையோ திருகிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அதிலேயே ஒரு ஜோடி வாங்கி, கிளிப்பைத் திறந்து கொஞ்சம் நீட்டி, கடையின் படிக்கட்டுக்கு வந்தேன். எனக்கு முன்னால் அவர் பக்கவாட்டில் இறங்கினார், கைகளைப் பாதி விரித்துக்கொண்டு.

கடைசிப் படியில் அந்த நொடி வழக்கம்போலக் காத்திருந்தது. ஸ்டிக்குகளை அதற்கும் கீழே, தரையில் ஊன்றினேன். எட்டியது.