தாமஸ் பூட்டன் வேலை இழந்த கதை

ரங்கூனின் கியாக்டடா பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஆண்டாளை, பர்மிய வழக்கப்படி 'டோ ஆண்டாள்' என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள். தமிழும் பர்மியமும் கலந்த குடும்பம். அதில் ஒரு வெள்ளைக்காரரும் உண்டு, அவளுடைய பூட்டன் தாமஸ்.

லிவர்பூலை ஒட்டிய ஒரு துறைமுக நகரத்தில் அவர் போலீஸ்காரராக இருந்தார். அந்தக் காலத்தில் அங்கே சின்ன நகரங்களுக்குக்கூடச் சொந்தப் போலீஸ் படை இருந்தது. வேலை பறிபோய், கப்பலேறி ரங்கூன் வந்தார். அரிசிக் கிடங்கில் காவலுக்குச் சேர்ந்து, கமலாட்சி என்ற தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். வேலை ஏன் போயிற்று என்று கேட்டால் வீட்டில் பேச்சை மாற்றிவிடுவார்கள். எதையோ திருடியிருப்பார் என்பதே எல்லோருடைய நினைப்பும்.

ஆண்டாளின் தம்பி நரேஷ் ரயில்வேயில் மெக்கானிக். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், அதை எதிர்த்துக் கூட வேலை செய்தவர்களோடு அவனும் வேலைக்குப் போவதை நிறுத்தினான். வேலை போயிற்று, குவார்ட்டர்ஸும் போயிற்று. மனைவியையும் மகள் பூர்ணாவையும் கூட்டிக்கொண்டு, மூட்டை முடிச்சோடு ரங்கூனிலேயே தாமுவே பகுதியிலிருந்த அக்கா வீட்டுக்கு வந்தான். ஆண்டாள் இடம் கொடுத்தாள், சோறும் போட்டாள். வாயைத்தான் அடக்க முடியவில்லை.

"பூட்டன் புத்தி உனக்கும் வந்துருச்சா? அவரும் இப்படித்தான் இருந்த வேலையைத் தொலைச்சிட்டு ஊரைவிட்டு ஓடியாந்தாரு."

அந்த வாரமே நரேஷ் மனைவி மகளோடு, நகருக்கு வெளியே இருக்கும் மாவ்பிக்குப் போய் வாத்து வளர்க்கத் தொடங்கினான். அதன்பின் அக்காவுக்கு அவனிடமிருந்து போன் வரவே இல்லை.

போன வருஷம், கடையில் கூட்டமில்லாத ஒரு மத்தியானம், ஆண்டாள் பூட்டனின் படத்தை ஸ்கேன் செய்தாள். தொப்பியும் சீருடையுமாக நின்றார் மனிதர். அந்த நகரத்துப் பழைய போலீஸைப் பற்றி எழுதிவரும் ஒருவருக்கு இணையத்தில் அதைப் பூட்டனின் பெயரோடு அனுப்பி, "இவர் என்ன தப்பு செய்தார்?" என்று கேட்டாள். அவரும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர்தான். இரண்டு நாளில் பதில் வந்தது.

தாமஸ் எந்தத் தப்பும் செய்யவில்லை. 1919 ஆகஸ்டில், போலீஸ்காரர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று அந்தப் படையில் பெரும்பாலானவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாமஸ் உட்பட அத்தனை பேரையும் நீக்கினார்கள், ஒருவரையும் திரும்ப எடுக்கவில்லை. பின்னாளில் அந்தப் படையே பக்கத்து நகரத்துப் படையோடு சேர்க்கப்பட்டு இல்லாமல் போய்விட்டது.

ஆண்டாள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். தம்பியிடம் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. கடையைச் சாத்திவிட்டு மாவ்பி பஸ் ஏறினாள்.

நரேஷ் கொட்டகையில் வாத்துகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தான். அக்காவைக் கண்டதும் எழுந்து நின்றான். அவள் உட்காராமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"அப்ப அவரு திருடன் இல்லையா?"

"இல்லப்பா. உன்னை மாதிரிதான்."

நரேஷ் மறுபடி குனிந்து தவிட்டைப் பிசைந்தான். "அன்னிக்கு நீ சொன்னது ரொம்ப வலிச்சுதுக்கா."

"தெரியும். சொல்லியிருக்கக் கூடாது."

"அவராவது மறுபடி நல்லா இருந்தாராமா?"

"கமலாட்சியைக் கட்டிக்கிட்டாரு. நாம இருக்கோம். வேறென்ன?"

அவன் லேசாகச் சிரித்தான். அன்று அவள் அங்கேயே சாப்பிட்டாள். பள்ளிக்கூடம் திறந்தபோது பூர்ணா தாமுவேக்கு வந்து சேர்ந்தாள். இப்போது அத்தை வீட்டிலிருந்துதான் படிக்கிறாள். வாரக் கடைசியில் நரேஷ் வாத்து முட்டையோடு வந்து, பகல் முழுக்க இருந்துவிட்டுப் போகிறான்.