யூதர் பாடமும் பக்கத்து வீடும்

வரலாற்று டீச்சர் வேலை என்றால் செத்துப்போன ராஜாக்களோடு மாரடிப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்கள், எங்கள் மலைநாட்டுத் திகனப் பக்கம் ஒரு பதினோராம் தர வகுப்புக்கு வந்து பார்க்க வேண்டும். வெண்கட்டித் தூசி தின்னும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியும், சில பாடத்துக்குப் போகக் காலே வராது. எனக்கு ஹிட்லர் யூதர்களைக் கொன்ற பாடம் அப்படி. என் பக்கத்து வீட்டு ருஸ்னா அந்த வகுப்பில்தான் இருக்கிறாள்.

மூன்று பாடவேளை

யூதர்களின் கடைகளை உடைத்ததையும், பிள்ளை குட்டிகளோடு ரயிலேற்றிக் கொண்டுபோய்க் கொன்றதையும் மூன்று பாடவேளைக்குச் சொன்னேன். வாசலில் நின்று கேட்ட பள்ளிக்கூடப் பிரதி அதிபர் வெளியே கூப்பிட்டார். பாராட்டத்தானாக்கும் என்று போனேன்.

"பழைய சோதனைப் பேப்பர்ல எல்லாம் இது ரெண்டு மார்க்குதான் டீச்சர், சுருக்கமா கொன்னு முடிங்க!"

ஒளித்து வைக்க இடம்

"துரத்தப்பட்டவர் ஒருவர் வந்து கதவைத் தட்டினால் ஒளித்து வைப்பீர்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன். எந்தப் பேய் என் வாயில் புகுந்ததோ! வகுப்பே கை தூக்கியது. ருஸ்னாவும், ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும் கவிதாவும் மட்டும் தூக்கவில்லை. ருஸ்னாவைப் பார்க்கத் தைரியமில்லாமல் கவிதாவிடம் ஏன் என்றேன்.

"லயத்துல ஒத்தக் காம்பராவுல நாங்களே ஏழு பேரு டீச்சர். இருமினா பக்கத்து வீட்டுல 'யாரு'ன்னு கேக்குறாங்க. ஒளிச்சு வைக்கணும்னா மொதல்ல எங்களுக்கு ஒரு வீடு கட்டிக் குடுங்க!"

மணி அடித்த பிறகு

எல்லோரும் போனார்கள், ருஸ்னா மட்டும் மேசையருகே நின்றாள். சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கம் முஸ்லிம் கடைகளை எரித்தார்களே, அந்த வாரம் இவள் சின்னப் பிள்ளை. கூட்டம் சந்திக்கு வந்துவிட்டது என்றதும் இவளுடைய உம்மா ஓடிவந்து என் கதவைத் தட்டினார். "டீச்சர், புள்ளைகள மட்டும் வெச்சுக்கோங்க." நான் உள்ளே மூச்சுக்கூட விடாமல் நின்றேன். அவர்கள் பின்பக்கப் பற்றைக் காட்டுக்குள் இறங்கித் தப்பினார்கள். அடுத்த பெருநாளுக்கே அந்த வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது, இன்றும் வருகிறது. வெட்கங்கெட்டவள், வாங்கித் தின்கிறேன்.

ருஸ்னா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அந்தக் கேள்விய இனி கேக்காதீங்க டீச்சர். நீங்க உள்ளுக்கு இருந்தது எங்களுக்குத் தெரியும். டீச்சர் பயந்துட்டாங்க, பாவம்னுதான் உம்மா சொன்னாங்க."

ஹிட்லரை நாற்பது நிமிடம் நிறுத்தாமல் திட்டத் தெரிந்த எனக்கு, தட்டிய கதவைத் திறக்காத பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி மட்டும் இன்னும் பாடம் எடுக்கத் தெரியவில்லை.